முன்படிக் கம்பளம்

கதையில் வரும் ஏழைக்கு மட்டும் கண்ணீர் விடுவோர் என்று ஓர் இனம் உண்டு. குதிரைவண்டிக் காலத்துப் பாரீசில் அந்த இனத்தின் திலகம், நோட்டரி எவாரிஸ்து பொமரேத்.

காலையில் காப்பி வந்ததும் செய்தித்தாளைப் பிரிப்பார், மந்திரிசபை, கொலை, கொள்ளை எல்லாவற்றையும் தாண்டி அடிப்பக்கத் தொடர்கதைக்குப் போவார், பால்குடம் சுமந்து மாடி மாடியாக ஏறும் ஏழைப் பெண் ரோசின் படும் பாட்டைப் படிப்பார், மூக்கை உறிஞ்சுவார், முட்டை ஆறிப்போகும்வரை அழுவார். எப்பேர்ப்பட்ட இளகிய மனசு!

"நானும் கொஞ்சம் படிக்கட்டுமாங்க?" என்பாள் மனைவி பெலிசி.

"சேச்சே! பொம்பளைங்க படற கஷ்டத்தைப் பச்சையா எழுதியிருக்கான். பொம்பளைங்க படிக்கிற கதையா இது?"

தாள் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். பூட்டும் உண்டு.

அன்று கதையில் ரோசின், வேலைக்காரர்களுக்கென்று விட்ட இருட்டுப் பின்படியில் வழுக்கி விழுந்தாள். பொமரேத் மேசையைக் குத்தினார். "பாவிங்களா! அவள முன்படியில விட்டிருந்தா உங்க சொத்தா அழிஞ்சிடும்?"

அந்த நேரம் பார்த்துக் கரிவாளியோடு வேலைக்காரி நொண்டிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, முட்டி வீங்கிக் கெடக்கு. கால் ஆறுற வரைக்கும் முன்படியில ஏறி வரட்டுமா? பின்படியில விழுந்து தொலைச்சா என் பொழப்பே போயிடும்."

"கம்பளம் கறுத்துப்போகும் மரீ."

"என் பேரு லெயோகாதிங்க."

முன்பிருந்தவள் பெயர் மரீ. வாய்க்குப் பழகிய பெயரை ஆளுக்கு ஆள் மாற்ற முடியுமா?

"சரி மரீ, போ. கதை நல்ல கட்டத்துல நிக்குது."

பெலிசி மெல்லக் கேட்டாள்: "அப்ப யாரைங்க முன்படியில விடச் சொல்லிக் கத்துனீங்க?"

"அது கதைடி! உனக்குப் புரியாது."

அந்த வாரமே லெயோகாதி பின்படியில் உருண்டாள். கால் முறிந்தது, வேலையும் போனது. ஐயாவுக்கும் வருத்தம்தான். அன்று காப்பி வரத் தாமதமாகிவிட்டது.

மறுவாரம் சிதோனி என்று ஒரு பெண் வேலைக்கு வந்தாள். அவள் வந்த அன்றுதான் கதையில் ரோசின் செத்துப்போனாள். பொமரேத் விம்மி விம்மி அழுதார்.

"மரீ! இன்னொரு கைக்குட்டை!"

லெயோகாதிக்காக நீங்கள் 'உச்' கொட்டுவது எனக்குக் கேட்கிறது. தங்கமான மனசு உங்களுக்கு. அது இருக்கட்டும், உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாரே, அந்த அம்மாவின் பெயர் என்ன? அவரை உங்கள் குடியிருப்பில் எந்த லிஃப்டில் ஏற விடுகிறார்கள்?