நாலு எலுமிச்சம்பழம், ஒரு சம்மன்

போன வியாழக்கெழம எனக்கு ஒரே ஒரு வேலதான் இருந்துச்சு. ஒரு பார்க்கிங் சம்மன, அதான் அபராத சீட்ட, ரத்து பண்ணிட்டு வரணும்.

ஃபோன்லயே கட்டிட்டா வேல முடிஞ்சிரும். ஒக்காந்த எடத்துலயே கட்டலாம். ஆனா நான் கட்ட மாட்டேன்! கட்டுனா தோத்துட்டேன்னு அர்த்தம்.

ஏன்னு சொல்றேன், கேளுங்க.

எனக்கு நாப்பது தாண்டிதான் லைசென்ஸ் கெடச்சது. கெடச்ச கையோட ஒரு செகண்ட் ஹேண்ட் காடி வாங்கிட்டேன். என் சம்பளத்துல, என் பேருல! வீட்டுக்காரருக்கும் சந்தோஷம்தான். ஆனா பக்கத்து சீட்டுல ஒக்காந்துக்கிட்டு இல்லாத பிரேக்க கால் வலிக்க மிதிக்கறவரு அவரு. எனக்கோ ஒரே ஆச. தனியா காடி ஓட்டிக்கிட்டு, கடல் பாலம் தாண்டி, அக்கரையில பத்து காவான்ங்கற ஊர்ல இருக்கற எங்கக்கா வீட்டு வாசல்ல போயி ஹார்ன் அடிக்கணும்.

அதுக்கு அவரு ஒரு கண்டிஷன் போட்டாரு. "ஒரு மாசம் ஒரு சம்மன் கூட வாங்காம ஓட்டு பிரேமா. அப்புறம் நீயே தனியா பாலத்துல போ. நான் வாயே தொறக்க மாட்டேன் லா."

"டீல்!"ன்னு கைய குடுத்தேன்.

மறுநாளே சம்மன் வந்துருச்சு. அதுவும் நான் ஒரு அடி கூட ஓட்டறதுக்கு முன்னாலயே!

அன்னிக்குதான் காடிக்கு பூஜ. வீட்டுக்காரரு பாயான் லெப்பாஸ்ல ஷிஃப்டுக்கு போயிட்டாரு. நானும் அக்காவும் மட்டும்தான். காடி வித்த கடக்காரரு லிட்டில் இந்தியாவுல கோயில் பக்கத்துலயே காடிய கொண்டாந்து விடறேன்னாரு. கிழக்க பாத்து நிக்கணும்னு ஐயர் சொல்லிட்டாரு. கிழக்க பாத்த பார்க்கிங் எல்லாம் ஃபுல். காடி நிறுத்தக் கூடாத மஞ்ச கோடு மட்டும் காலியா இருந்துச்சு.

"அஞ்சு நிமிஷம்தானே, அங்கயே விடுங்கண்ணே"ன்னு நான்தான் கை காட்டுனேன். வேற யாரு!

கடக்காரரு சாவிய குடுத்துட்டு கெளம்பிட்டாரு. பூஜ அமர்க்களமா நடந்துச்சு. சந்தனம், குங்குமம், மால, தேங்கா எல்லாம் முடிஞ்சுது. நாலு டயருக்கு கீழயும் நாலு எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. அக்கா ஒரு கையில ஃபோன புடிச்சு வீடியோ எடுத்துக்கிட்டே இன்னொரு கையால என்ன சீட்டுல தள்ளுது. இனி நான் பழத்த நசுக்கிக்கிட்டு நேரா முன்னால போகணும். அவ்ளோதான் வேல.

அப்ப பாத்து ஒரு துணிக்கட லாரி வந்து முன்னால நின்னுச்சு. டிரைவரு எறங்குனாரு, கதவ சாத்துனாரு, தண்ணி குடிக்க போயிட்டாரு.

பின்னாடியே பார்க்கிங் ஆபீசர் வந்தாரு. மலாய்க்கார தம்பி, நல்ல பையன். "உண்டோர் லா, காக்"ன்னாரு. பின்னாலதான் காலியா கெடக்குதே, ரிவர்ஸ் எடுத்துட்டு போங்கக்கான்னு அர்த்தம்.

அக்கா பாஞ்சு போயி காடிக்கு பின்னால ரெண்டு கையயும் விரிச்சு நின்னுக்கிச்சு. "மொத அடியே பின்னாலயா? வாழ்க்கையே பின்னால போயிரும்டி! எடுக்காத!"

நான் கண்ணாடிய எறக்கி, "தாக் போலே, தம்பி"ன்னேன். முடியாதுன்னேன்.

"ஏன் முடியாது?"

"லீமாவ்"ன்னு டயர காட்டுனேன். 

அவரு குனிஞ்சு ஒவ்வொரு டயரா பாத்தாரு. எலுமிச்சம்பழம் இருந்தது வாஸ்தவம்தான். அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் பொறுத்து பாத்தாரு, பாவம். லாரிக்காரரு ரொட்டி சானாயும் ஆர்டர் பண்ணிட்டாரு போல, வரவே இல்ல. மால போட்ட கண்ணாடில சம்மன சொருகிட்டு, "மாஆஃப், காக்"ன்னு மன்னிப்பு கேட்டுட்டு போயிட்டாரு.

நான் சம்மன வீட்டு அரிசி டப்பாவுக்குள்ள பொதச்சு வெச்சேன். வீட்டுக்காரரு கை வைக்காத ஒரே எடம் அதுதான்.

மாசமும் முடியப் போவுது. ரத்து பண்ணிட்டா, வாங்குன மாதிரியே இல்லல்ல? அதுக்குத்தான் வியாழக்கெழம லீவு போட்டு, பஸ் புடிச்சு, சம்மன் கவுண்டருக்கு போனேன். சாட்சி சொல்ல வர்றேன்னு அக்காவும் ஒட்டிக்கிச்சு. அது ஹேண்ட்பேக் ஏன் அவ்ளோ உப்பி இருக்குன்னு நான் கேட்டிருக்கணும்.

கவுண்டர்ல ஒரு மலாய்க்கார அக்கா. அவங்ககிட்ட நாங்க பேசுன மலாய தமிழ்லயே சொல்லிடறேன், என் மலாய்க்கு அதுதான் மரியாத.

"சம்மன ரத்து பண்ணணும்"னேன்.

"என்ன காரணம்?"

"முன்னால லாரி. போக முடியல."

"பின்னால?"

"பின்னால காலிதான்."

"அப்ப ரிவர்ஸ் எடுத்திருக்கலாமே?"

"முடியாது. டயருக்கு கீழ எலுமிச்சம்பழம்."

டைப் அடிச்சுக்கிட்டு இருந்த கை நின்னுருச்சு. என்ன பாத்தாங்க. அக்காவ பாத்தாங்க. "எத்தன பழம்?"

"நாலு."

டைப் அடிச்சாங்க. சத்தியமா 'நாலு'ன்னுதான் அடிச்சாங்க!

இந்த எடத்துல நிறுத்தியிருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம். ஆனா எங்கக்கா நிறுத்துற ஜாதியா? ஹேண்ட்பேக்க தொறந்து ஒரு எலுமிச்சம்பழத்த எடுத்து கவுண்டர் மேல வெச்சுது. அங்க இருந்த ஸ்டேப்ளர எடுத்து அதுக்கு மேல வெச்சுது.

"இதான் காடி. இப்பிடி முன்னால போனா நல்லது. இப்பிடி பின்னால போனா கெட்டது."

அந்தம்மா ஸ்டேப்ளரயே உத்து பாத்தாங்க. "பின்னால போனாலும் பழம் நசுங்கும்தானே?"

அலாமாக்! இத்தன வருஷத்துல எங்க குடும்பத்துல ஒருத்தர் கூட இந்த கேள்விய கேட்டதில்ல. 

"நசுங்கும்..."னு அக்கா இழுத்துச்சு. "ஆனா சந்தோஷமா நசுங்காது!"

சொன்ன வேகத்துல ஸ்டேப்ளர அழுத்திருச்சு. பழம் வழுக்கி, கவுண்டர விட்டு குதிச்சு, நாற்காலி வரிசைக்கு அடியில உருண்டு ஓடிருச்சு. வரிசையில இருந்தவங்க எல்லாம் கால தூக்கிக்கிட்டாங்க. நான் முட்டி போட்டு தேடுறேன். இதுக்குத்தான் லீவு போட்டேன்!

கடைசி நாற்காலியில இருந்த சீன அங்கிள் ஒருத்தரு பழத்த செருப்பால நிறுத்தி கையில எடுத்தாரு. எடுத்து குடுத்துட்டு ஒக்காருவாருன்னு பாத்தா, நேரா கவுண்டருக்கே வந்துட்டாரு.

"இவங்க சொல்றது கரெக்ட் லா! நாங்க புது வீட்டுக்கு அன்னாசிப்பழம் உருட்டுவோம். உள்ளதான் உருட்டணும். வெளிய உருட்டுனா அதிர்ஷ்டம் எல்லாம் வெளிய போயிரும். அதே மாதிரிதான் இதுவும்!"

எனக்கு அழுகையே வந்துருச்சு. நமக்குன்னு ஒரு வக்கீலு! பின்னால நின்ன ஒருத்தரு "ஆமா, ஆமா"ங்கறாரு. கவுண்டர் அம்மா சிரிச்சு சிரிச்சு கண்ண தொடச்சுக்கிட்டே, "இருங்க, பெரிய ஆபீசர கூப்புடறேன்"னு உள்ள போனாங்க.

பெரிய ஆபீசர் வந்தாரு. சட்டையில பேர பாத்தேன். நம்மாளு!

அக்கா என் இடுப்புல ஒரு குத்து விட்டுச்சு. "முடிஞ்சிருச்சுடி, வேல முடிஞ்சிருச்சு! தம்பி, நீங்களே சொல்லுங்க, எலுமிச்சம்பழம் வெச்சுட்டு பின்னால எடுக்கலாமா?"

"எடுக்கக் கூடாதுதான்க்கா"ன்னாரு. எனக்கு அங்கயே பாலம் தெரிஞ்சுது, கடல் தெரிஞ்சுது, அக்கா வீட்டு கேட்டு தெரிஞ்சுது! "ஆனா ஆதாரம் எதாச்சும் இருக்கா? ஃபோட்டோ மாதிரி?"

"ஃபோட்டோ என்னா ஃபோட்டோ, வீடியோவே இருக்கு!"ன்னு அக்கா ஃபோன எடுத்து, வால்யூம ஃபுல்லா வெச்சு, ஓட்டுச்சு.

மால, சந்தனம், லாரி எல்லாம் தெளிவா தெரியுது. மலாய்க்கார தம்பி குனிஞ்சு டயர பாக்கறாரு. அக்கா ஃபோன புடிச்ச கையோடதான் காடிய மறிச்சுக்கிட்டு நின்னுச்சா, என் தல ஜன்னல் வழியா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறதும் தெரியுது.

அப்பறம் என் குரலு. ஆபீஸ் முழுக்க கேக்குது.

"அக்கா, அப்பிடியே மறிச்சுக்கிட்டே நில்லு, நகந்துராத! எனக்கு ரிவர்ஸே வராதுக்கா! டெஸ்ட்ல கம்பு நட்டு வெச்சிருந்தாங்க, மூனாவது கம்பு வந்தா ஸ்டியரிங்க ஒடின்னு வாத்தியாரு சொன்னாரு, ஒடிச்சேன். இங்க எவன் எனக்கு கம்பு நட்டு வெப்பான்? அந்த தம்பி எலுமிச்சம்பழம்தான் காரணம்னே நம்பட்டும்!"

வீடியோ முடிஞ்சுது. நான் தரைய பாத்தேன். அக்கா மேல ஃபேன பாத்துச்சு.

ஆபீசர் சிரிக்கவே இல்ல. அதான் கொடும. "எலுமிச்சம்பழத்து மேல ஒரு தப்பும் இல்ல போலருக்கேக்கா"ன்னாரு.

கவுண்டர் அம்மா, "என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க?"ன்னு துடிக்கறாங்க. அவரு கம்பு வரைக்கும் விடாம மலாய்ல சொன்னாரு. சீன அங்கிள் அதையும் கேட்டாரு. கையில இருந்த பழத்த மெதுவா கவுண்டர் மேல வெச்சாரு. அவரு சீட்டுக்கே போயி ஒக்காந்துட்டாரு. சம்மன விட அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

பேசாம கட்டிட்டேன். வீடியோவுலயாச்சும் உண்மைய சொன்னீங்களேன்னு ஆபீசர் கொஞ்சம் கொறைச்சு குடுத்தாரு.

வெளிய வந்ததும் அக்கா கைய புடிச்சுக்கிட்டேன். "அக்கா, காலுல வேணாலும் விழறேன். அந்த வீடியோவ அழிச்சிரு. அவரு மட்டும் பாத்தாரு, என் பாலம் போச்சு."

அக்கா என்னய பாவமா பாத்துச்சு. "அத அன்னிக்கே குடும்ப குரூப்புல போட்டுட்டேனேடி. நீ பாக்கலயா?"

அந்த குரூப்ப நான் மியூட்ல போட்டு வருஷம் ஆச்சு!

"அவரு பாத்தாரா?"

"மாப்ளதான் மொத ஹார்ட்டே போட்டாரு."

வீட்டுக்கு வந்தா அவரு டீ கலக்கிக்கிட்டு இருக்காரு. ஒரு மாசமா எல்லாம் தெரிஞ்ச மனுஷன், ஒரு மாசமா பக்கத்து சீட்டுல ஒக்காந்து வந்தவரு! ஃப்ளாட்டுக்கு கீழ இருந்து தெனமும் காடிய வெளிய எடுத்து குடுக்கறதும் அவருதான். இப்ப யோசிச்சா, ஏன் நீயே எடுக்க மாட்டேங்கறேன்னு அவரு ஒரு நாள் கூட கேக்கல.

"அரிசிக்குள்ள இருந்தத கட்டிட்டியா?"ன்னாரு.

"கட்டிட்டேன்"னேன். "பாலம் இல்லல்ல?"

அவரு டீய என் கையில குடுத்தாரு. "ஓட்டும்போது சம்மன் வாங்காதன்னுதானே சொன்னேன். நீ நிக்கும்போது வாங்குனே. அது கணக்குல வராது." அவரு கப்புல ஒரு வாய் குடிச்சாரு. "அதோட, பாலத்துல ரிவர்ஸ் கெடையாது. தாராளமா போயிட்டு வா லா."

எனக்கு கட்டி புடிக்கறதா, கப்பால அடிக்கறதான்னு தெரியல. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் பண்ணேன்.

சனிக்கெழம காலையில அவரு காடிய வெளிய எடுத்து குடுத்தாரு. நான் ஏறுனேன். பக்கத்து சீட்டு காலி! ரெண்டு பக்கமும் கடல், நடுவுல நான், ரேடியோ ஃபுல் சத்தம்! பாலம் முழுக்க ஹோன்னு கத்திக்கிட்டே போனேன். பக்கத்துல வந்த மோட்டர்சைக்கிள்காரரு பயந்து ஒதுங்கிட்டாரு. அக்கா வீட்டு வாசல்ல மூனு தடவ ஹார்ன் அடிச்சேன். அக்கா ஆரத்தி தட்டோட ஓடி வந்துச்சு. ஜம்முன்னு நேரா போர்ச்சுக்குள்ள கொண்டு போயி நிறுத்துனேன். அப்பிடி ஒரு சந்தோஷம் மக்களே!

இன்னிக்கு திங்கக்கெழம. இத நான் பத்து காவான்ல இருந்துதான் எழுதறேன். காடி இன்னும் போர்ச்சுல, மூக்க செவுத்துல இடிச்சுக்கிட்டு நிக்குது. அக்கா வீட்டுக்காரரு கோலாலம்பூர் போயிருக்காரு, வர புதன் ஆவுமாம். அக்காவுக்கு காடி ஓட்டவே தெரியாது.

இப்பத்தான் வீட்டுக்காரரு ஃபோன் அடிச்சு, எப்ப வர்றேன்னு கேட்டாரு. அக்கா விட மாட்டேங்குதுங்கன்னு சொல்லியிருக்கேன்.