சுரங்கத்தக்கா செத்த அன்று

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருந்தவர்கள்: தோட்டத்தை நடத்துகிற துரை. மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா. சங்கத் தலைவர். தராசு பிடிக்கிற நான். கடைசியாகக் கதவோரத்தில், கக்கத்தில் புத்தகத்தோடு, சரித்திரம் என்று நாங்கள் கூப்பிடுகிற ஆள்.

விசாரணை அவர் மேல்தான். அவரைப் போலப் புத்தகம் படிக்கிற மனுசன் லிந்துலைப் பக்கம் இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறந்தாலும் எங்கள் துரை வேலை கொடுக்க மாட்டார்.

கொழுந்து மூட்டை தூக்குவது அவர் வேலை. கதைப் புத்தகம் தொட மாட்டார். "பொய்யப் படிக்க நேரமில்லப்பா" என்பார். வாழ்ந்த மனுசர், அரசியல், சனங்கள் பட்ட பாடு. இவ்வளவுதான். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நடந்துகொண்டேதான் படிப்பார். குடியிருக்கிற லயத்திலிருந்து பேக்டரிக்குப் போய்ச் சேர ஒரு அதிகாரம். மழை வந்தால் சாக்கு புத்தகத்துக்கு. தலைக்கு ஒன்றுமில்லை.

ஒரு தடவை ஏதோ புத்தகத்தின் இரண்டாம் பாகம் தேடி நுவரெலியா பஸ் ஏறினார். நானுஓயாவில் பஸ் பத்து நிமிடம் நின்றது. பொறுக்கவில்லை. இறங்கி நடந்தார். பின்னால் வந்த அதே பஸ் ஹோர்ன் அடித்து அடித்துத் தாண்டிப் போனது. அவர் நிமிரவில்லை. முதல் பாகத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

பகலில் கொழுந்து நிறுக்கும்போது பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அப்போது சத்தமாகப் படிப்பார். அப்படித்தான் சுரங்கத்தக்கா வந்தார். தூர தேசத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சங்கம் கட்டிய பெண். பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. வரிசையில் முன்னால் நிற்கிற செல்லம்மாக்காதான் இப்படிப் பெயர் வைத்தது.

"பொலிஸ் விட்டுட்டானா அண்ணே, அந்தக்காவ?"

"நாளைக்குத்தான் தெரியும்."

"கொஞ்சம் முன்னால பொரட்டிப் பாருங்களேன்."

"முந்தி ஓடக் கூடாது தங்கச்சி. எல்லாரும் ஒண்ணாத்தான் போகணும்."

இரண்டு மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை சுரங்கத்தக்கா செத்துப்போனார். நெஞ்சுவலி. சரித்திரம் புத்தகத்தை மூடினார்.

தோட்டத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு வேலை இல்லை. அது எங்கள் வழக்கம். செல்லம்மாக்கா தலையிலிருந்து கூடைக் கயிற்றை எடுத்தது.

"சாவு விழுந்திருச்சு. வாங்கடி போவோம்."

மலை காலியானது. கண்டாக்கு ஐயா ஓடி வந்தார்.

"எந்த லயத்துலடா சாவு?"

"இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துலங்க" என்றேன். கேட்டார், சொன்னேன்.

அதற்குத்தான் விசாரணை. துரை சரித்திரத்தின் பெயரைத் தோட்டப் பதிவிலிருந்து வெட்டுவதாக இருந்தார். பெயர் போனால் வேலை போகும். குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும்.

"இதான் மொதத் தடவங்க, மன்னிச்சு விடுங்க" என்றார் தலைவர்.

"ஒரு ஆளு எத்தனை தடவை சாகணும்?" என்றார் துரை.

சரித்திரம் மேசைக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"நில்லுய்யா!" கண்டாக்கு ஐயா கத்தினார்.

"நின்னா யோசன வராதுங்க."

கடைசியில் துரை சொன்னார். "படிக்கலாம். ஆனா என் மலையில ஒருத்தரும் சாகக் கூடாது. இன்னொரு ஆள் செத்தா உன் பேரு வெட்டு."

"சரிங்க தொரை. ஒருத்தரையும் சாக விட மாட்டேன்."

சொன்னபடி செய்தார். அதன்பின் ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசி அதிகாரத்தைச் சாக்கு தைக்கிற ஊசியால் தைத்துவிட்டார். தையல் வந்ததும் மூடுவார்.

"அப்புறம் என்னாச்சுண்ணே?"

"நல்லா இருக்காரு."

பொய் பிடிக்காத மனுசன். முகம் மாறாமல் சொன்னார்.

புத்தகத்தில் வந்த ஒரு தலைவரைச் சுட்டுவிட்டார்கள் என்று செல்லம்மாக்கா மகள் போனில் பார்த்துச் சொன்னது.

"போன்ல ஆயிரம் வரும். நம்ம தோட்டத்துல அவரு நல்லாத்தான் இருக்காரு."

போன மார்கழியில் ஒரு பகல், மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் எழும்பவில்லை. அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மலை காலியானது. துரை ஒன்றும் கேட்கவில்லை.

புத்தகங்கள் என் காம்பராவில் இருக்கின்றன. தையலை நான் பிரிக்கவில்லை. பிரிக்கவும் மாட்டேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பேர் நல்லா இருக்கிறார்கள்.

இவரோடு முப்பத்தொன்பது.