மூன்று வரிக்கு மேல் பூட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. என் முழங்கால் நீங்கலாக இங்கு எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியம் உன் பத்திரிகையின் பூட்டுக்குள் இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

நீ வேலைக்குச் சேர்ந்த அன்று, "உன் பத்திரிகையை எவன் காசு குடுத்துப் படிப்பான்?" என்று நான் வாயை விட்டதையும், அன்றிலிருந்து நீ அம்மாவிடம் மட்டும் பேசுவதையும் மறக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் செல்போனில் நீ எழுதியதை ஒரு வரி விடாமல் நான் படித்துவந்தது உனக்குத் தெரியாது. உன் பெயர் இருந்தால் நீ எழுந்து, குளித்து, வேலைக்குப் போயிருக்கிறாய் என்று அர்த்தம். எனக்கு அது போதும். போன மாதம் உன் முதலாளிக்கு என்ன தோன்றியதோ, மூன்று வரி முடிந்ததும் எழுத்தெல்லாம் மங்கி, மேலே படிக்கச் சந்தா கட்டு என்கிறது. கட்டலாம்தான். கட்டினால் நான் அன்றைக்குச் சொன்ன சொல் என்னாவது? முப்பது வருஷம் லிப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்கு மீதியை ஊகிக்கத் தெரியாதா என்று, தினமும் நானே ஊகித்து உன் அம்மாவிடம் சொல்லிவந்தேன்.

அங்கேதான் வினை. "பழைய அடுக்குமாடிகளின் லிப்டுகளைச் சோதிக்கப் போன குழு, யாரும் எதிர்பாராத ஆபத்து ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது" என்று எழுதியிருந்தாய். உடனே பூட்டு. லிப்டில் ஆபத்தென்றால் கம்பிவடம்தானே, எனக்குத் தெரியாததா? எங்கள் குடியிருப்பு லிப்டை நிறுத்தி, கதவில் என் கைப்பட அறிவிப்பு ஒட்டினேன். ஆறு மாடியும் இரண்டு நாள் என்னைத் திட்டிக்கொண்டே படியேறியது. மூன்றாம் நாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர், பெயர்ந்து வந்த படிக்கட்டுக் கைப்பிடியும் கையுமாக எங்கள் வாசலில் நின்றார்.

"சார், முழுசாப் படிச்சீங்களா? லிப்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்காம். யாரும் படியேறாததால கைப்பிடிதான் துருப்பிடிச்சுப் போச்சாம்!"

உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. நேற்று எழுதியிருந்தாயே, "தனியாக இருப்பவர்கள் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? சென்ற வாரம் மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். இரண்டாம் நாள் போனை எடுத்து" என்று. அதோடு பூட்டு. எடுத்து? யாரைக் கூப்பிட்டாய்? வெந்நீர் யார் வைத்துக் கொடுத்தார்கள்? இதை மட்டும் என்னால் ஊகிக்க முடியவில்லையம்மா. ஊகித்ததெல்லாம் மோசமாகவே வருகிறது. நீ அம்மாவிடம் பேசும்போது நான் ஜன்னல் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் நிற்கிறேன். ஜன்னல் பளபளவென்று இருக்கிறது, உன் குரல்தான் காதில் விழவில்லை. உன் குரலைக் கேட்க ஏக்கமாக இருக்கிறது. அந்த மீதி வரிகளையாவது ஒரு தாளில் எழுதி அனுப்பு. சந்தா மட்டும் கட்டச் சொல்லாதே.

நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அம்மா இதைப் படித்துவிட்டாள். பூட்டு வந்த அன்றே என் பெயரில் சந்தா கட்டிவிட்டாளாம். "நீங்க சொல்ற மீதியும் கேக்க நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல" என்று தன் போனை நீட்டினாள். ஆக, உன் பத்திரிகையைக் காசு கொடுத்துப் படிப்பவன் நான்தான். முழுதும் படித்தேன். என் நம்பரைப் போட்டுவிட்டு, மணி அடிக்குமுன் வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. அடுத்த தடவை வெச்சிடாதேம்மா. நீ ஒண்ணும் பேச வேண்டாம், மணி மட்டும் அடிக்கட்டும். நானே பேசிக்கிறேன்.