பெரிய டீச்சரின் முகம் துடைபட்டது பற்றி

பெருமதிப்புக்குரிய மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் நடுராத்திரியில் எழுதுவது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் நலம், நலமாகத் தூங்குகிறார்கள். உங்கள் நலம் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரைதான்.

மாமா, நீங்கள் வரைந்த பெரிய டீச்சரின் படத்தில் இப்போது பெரிய டீச்சர் இல்லை. நாற்காலி இருக்கிறது, கைக்கடிகாரம் இருக்கிறது, கொண்டைகூட இருக்கிறது. கொண்டைக்குக் கீழே எதிர்வீட்டு நாய் இருக்கிறது.

உங்கள் அறை ஒழுகுகிறது என்று படத்தை எங்கள் வீட்டில் காயவைத்துவிட்டு, "கிட்டப் போனே, காலை ஒடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் போகவில்லை, ஒரு கொசு போனது. போய் டீச்சர் மூக்கில் ஒட்டிக்கொண்டது. நாளைக் காலை பத்து மணிக்கு அவர்களுடைய பிரிவுபசார விழாவில் திரையை விலக்கும்போது மூக்கில் கொசு இருந்தால் உங்கள் மானம் போகுமே என்று டர்பன்டைன் துணியால் லேசாகத் தொட்டேன். கொசு வந்தது. மூக்கும் வந்தது. அடியில் கறுப்பாக இன்னொரு மூக்கு இருந்தது. பயந்துபோய்க் கன்னத்தைச் சரிசெய்யப் பார்த்தேன், மீசை முளைத்தது. மீசையை மறைக்க என் பள்ளிக்கூட வாட்டர் கலரைப் பூசினேன். அது ஒட்டாமல் உருண்டு வழிந்து நாய் அழுவதுபோல் ஆகிவிட்டது. அழுகையைத் துடைத்தேன், இரண்டு காதுகள் எழுந்து நின்றன.

அன்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. "ஆளை உக்கார வெச்சு வரைஞ்சா, போட்டோவுக்கு வெச்ச மூஞ்சிதான் வரும். உள்ள இருக்கிறதை மிருகத்துக்கிட்டதான் கத்துக்கணும், அதுக்கு மறைக்கத் தெரியாது." ஏதோ பேச்சுக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே முதலில் நாயை வரைந்து, அது காய்ந்தபின் கண்மேல் கண்ணாக, மூக்கின்மேல் மூக்காக டீச்சரை ஏற்றுவீர்கள் என்று யார் கண்டது? கூடத்தில் நீங்கள் வரைந்து மாட்டிய அப்பா படத்துக்கு அடியில் என்ன இருக்குமோ என்று அந்தப் பக்கமே திரும்பாமல் எழுதுகிறேன்.

போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஐந்து மணிக்குப் பால்காரர் வருவார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கண்டதும் பிரஷ்ஷோடு ஓடி வந்து டீச்சரைத் திரும்ப வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஊரார் முன்னால் உங்கள் பெயர் கெடும், எனக்கு டி.சி. கிடைக்கும். விழா டீச்சரை வழியனுப்பத்தான், ஆனால் முதலில் போவது நானாக இருப்பேன்.

என் இரண்டு கால்களுக்கும் உங்கள் ஆசியை வேண்டும்,
உங்கள் மருமகள்.

பின்குறிப்பு: அம்மா எழுந்து வந்துவிட்டாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா படத்தின் முன்னால் நின்று நாயின் கண்ணையே பார்த்தாள். அம்மாவுக்கும் அவர்கள்தான் டீச்சர் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

"பரீட்சைக்குப் போகமாட்டேன்னு நான் கதவைச் சாத்திக்கிட்டேன்டி. டீச்சர் ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கிட்டு, நான் எழுந்திரிக்கிற வரைக்கும் இப்படித்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க" என்றாள்.

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள் மாமா. அந்தக் கண்ணில் கை வைத்தால் நடப்பதே வேறு என்று அம்மா சொல்லச் சொன்னாள். காதுகளை மட்டும் வந்து மாற்றித் தரவேண்டுமாம். மூக்கு இருக்கட்டுமாம்.