வாரத்தில் ஏழு வெள்ளிக்கிழமை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே வாரத்துக்கு ஏழு வெள்ளிக்கிழமை வைத்திருந்த மனிதர் ஒருவர்தான். அடையாள அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். காங்கேசன்துறையில் எவரைக் கேட்டாலும் வெள்ளிக்கிழமையார் என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றால் வீட்டுக்குள் மச்சம் வராது. மற்ற நாட்களில் மீனும் நண்டும் இறாலுமாக வெளுத்துக் கட்டிவிட்டு, அன்று ஒருநாள் கத்தரிக்காயோடு சமாதானமாக இருப்போம். இந்த மனுசரோ கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் சாப்பாட்டுக் கடை திறந்து, ‘ஏழு நாளும் மரக்கறி மட்டும்’ என்று வாசலில் பலகை மாட்டினார். சரி, தோசைக் கடையாக்கும் என்று உள்ளே போனால் தாய்லாந்து, வியட்நாம், யப்பான் என்று ஒரே வெளிநாட்டுச் சாப்பாடு! மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போய், ஆசியாவின் துறைமுகமெல்லாம் தின்று பார்த்துவிட்டு வந்தவர் அவர்.

அப்போது எனக்கு அங்கே ஒரு கந்தோரில் வேலை. மதியத்தில் நடந்து போகக்கூடிய கடை அது ஒன்றுதான். ஆட்டிறைச்சிக் கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை ஞாயிறு என்றே ஒத்துக்கொள்ளாத ஆள் நான். என் தலைவிதி! முதல் நாள் பச்சை நிறத்தில் ஒரு கறியைக் கொண்டுவந்து வைத்தார்.

“அண்ணை, இதென்ன?”

“தாய்லாந்துப் பச்சைக் கறி. சாப்பிட்டுப் பாரும்.”

வாயில் வைத்தேன். தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், வாசத்துக்கு ஏதோ ஒரு புல்லு.

“இது எங்கடை சொதி எல்லே?”

“ஓம் தம்பி. பாஸ்போர்ட் எடுத்த சொதி.”

பொல்லாத ருசி. அடுத்த நாளும் போனேன்.

அந்தக் கடையில் குப்பை வாளி இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். வாழைக்காய்த் தோல் சம்பலாகும். வத்தகப்பழத்தின் சிவப்புச் சதைக்குக் கீழே இருக்கிற வெள்ளைத் தோல் பிரட்டலாகும். பலாக்கொட்டை மாவாகி நூடில்ஸுக்குள் போய்விடும். சாப்பிடுகிறவர்கள் மிச்சம் விட்டால் மனுசருக்கு நெஞ்சு நோகும். ஒருநாள் பெரிய அதிகாரி ஒருவர் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழும்பினார். வெள்ளிக்கிழமையார் அதை வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி, ஜீப் வரைக்கும் பின்னால் ஓடினார்.

“ஐயா, உங்கடை சாமான் ஒண்டை விட்டிட்டு வந்திட்டியள்!”

அதிகாரி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். பிரித்துப் பார்த்தபோது அவருடைய முகம் எப்படி இருந்ததோ, சாரதிக்குத்தான் தெரியும்.

பார்சல் கேட்பவர்களுக்கு அவர் சொல்கிற மந்திரம் ஒன்றே. “ஷொப்பிங் பாக் இல்லை. சட்டியோடை வாங்கோ.” ஒரு பின்னேரம் வீட்டிலிருந்து என் மனிசி நூடில்ஸ் கேட்டு போன் எடுத்தாள். என் கையில் சட்டியும் இல்லை, பானையும் இல்லை. வெள்ளிக்கிழமையார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் ஹெல்மெட்டை வாங்கிக் கழுவித் துடைத்து, வாழையிலை விரித்து, நூடில்ஸை அதற்குள் கொட்டித் தந்துவிட்டார். வீடு இருக்கிற உடுவில் வரைக்கும் மோட்டார் சைக்கிள் ஓடவேண்டும். பாதி வழியில் பொலிஸ்காரர் கையைக் காட்டினார்.

“ஹெல்மெட் எங்கை?”

“இந்தா இருக்கு சேர்.”

“தலையிலை போடும்.”

“போடேலாது சேர். சூடு.”

பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். “வெள்ளிக்கிழமையாற்றை கடையோ? போம், போம்” என்று விட்டுவிட்டார். தண்டம் எழுதவில்லை.

அந்தக் கடையில் எனக்கு விளங்காதது ஒரு மேசை. யன்னல் ஓரம், கடல் தெரிகிற இடம். எவ்வளவு சனம் நின்றாலும் அதில் ஒருவரையும் இருக்க விடமாட்டார். “அது ஆளுக்குப் போட்டது” என்பார். ஆளை மட்டும் காணோம்.

ஆள் அவருடைய சொந்தத் தமையன். அண்ணன் தம்பிக்குள் நடந்ததைத் தமையனே எனக்குச் சொன்னார். காலையில் கந்தோருக்குப் போகிற வழியில் கரையில் அவரிடம்தான் மீன் வாங்குவேன். மீனைக் கந்தோர் ஃபிரிட்ஜில் பத்திரமாக வைத்துவிட்டு, மத்தியானம் தம்பியாரிடம் மரக்கறி சாப்பிடுவேன். இரண்டு பக்கமும் எனக்கு நல்ல பெயர்.

கடை திறந்த அன்று பெரியவர் தன் வலையில் பட்ட ஆகப்பெரிய பாரை மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாராம். ஊரில் எவர் புதுக்கடை திறந்தாலும் அவர் செய்கிற மரியாதை அது. தம்பியார் வாசலிலேயே மறித்து, “மீனோடை உள்ளை வரேலாது அண்ணை” என்றிருக்கிறார். அவ்வளவு சனத்துக்கு முன்னால் பெரியவர் மீனோடு திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே அவர் போனதில்லை.

“மீன் தின்று வளர்ந்த உடம்பு உவனுக்கு. இப்ப மீன் தீட்டாம்” என்றார் என்னிடம்.

மத்தியானம் இதைத் தம்பியாரிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

“தீட்டெண்டு ஆர் சொன்னது? கப்பலாலை வந்து அண்ணையோடை ஒருநாள் கடலுக்குப் போனனான் தம்பி. வலையிலை வந்ததெல்லாம் விரல் நீளக் குஞ்சு. இழுவைப் படகுகள் கடலை அடியோடை வழிச்சுக்கொண்டு போயிட்டுதுகள். எங்கடை வயித்துக்குக் கிழமையிலை ஒருநாள் வெள்ளி குடுக்கிறம். கடலுக்கும் ஒரு வெள்ளி வேண்டாமோ?”

மறுநாள் காலை இதைக் கரையில் ஒப்புவித்தேன்.

“கடலுக்கு வெள்ளி வேணுமாமோ? அப்ப என்ரை பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? பாஸ்போர்ட் எடுத்த சொதியோ?” என்றார் பெரியவர். பிறகு, மீனைச் சுற்றித் தருகிற சாட்டில், “உவன் நேரத்துக்குச் சாப்பிடுறவனே?” என்று கேட்டார்.

இந்தத் தபால்காரன் வேலை எனக்கு அலுத்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை கரையில் நின்று கத்தியே விட்டேன். “அங்கை ஒரு மேசையை உங்களுக்கெண்டு வைச்சுக்கொண்டு, நிக்கிற சனத்தையும் இருக்க விடாமல் அந்தாள் காத்திருக்குது! என்ன மனுசரப்பா நீங்கள்!” பெரியவர் வலையை உதறிக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானம் வந்தார்! தோய்த்த சேட்டுப் போட்டு, திருநீறு பூசி, நேரே அந்த மேசையில் போய் இருந்தார். வெள்ளிக்கிழமையார், வாழைப்பூப் பொத்தியைக் கடற்பாசியில் சுற்றிப் பொரித்த அவருடைய பேர்போன ‘மீனை’க் கொண்டுவந்து வைத்தார். பெரியவர் அதைப் பிய்த்தார். விரலால் அளைந்தார், மறுபடியும் அளைந்தார். எனக்குப் பிறகுதான் விளங்கியது. மனுசர் பழக்கதோஷத்தில் முள் தேடுகிறார்.

“முள்ளில்லாத மீனை என்னெண்டு நம்புறது?” என்றார். ஆனால் சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு துணுக்கும் மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமையார் பக்கத்தில் வந்து நின்றார். “அண்ணை, அண்டைக்கு மீனை வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம். உன்னை உள்ளை கூப்பிட்டிருக்கலாம். எனக்கு அந்த அறிவு இல்லாமல் போச்சு.”

பெரியவர் எழும்பிக் கையைக் கழுவினார். “இண்டைக்கு வெள்ளி. வீட்டிலையும் மரக்கறிதான். நான் வந்ததைப் பெரிசா எடுக்காதை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமையார் அன்று முழுக்க ஒருவருடைய கோப்பையையும் எட்டிப் பார்க்கவில்லை. சனம் மிச்சம் விட்டது, கவனிக்கவில்லை.

அடுத்த கிழமை புதன்கிழமை. கடலுக்குப் போய்த் திரும்பிய கோலத்தில், ஈரச் சாரத்தோடு, பெரியவர் கடை வாசலில் நிற்கிறார். கையில் ஒரு சட்டி. எனக்கு வாய் சும்மா கிடக்குமா?

“அண்ணை, இண்டைக்குப் புதன்.”

“உம்மட்டை ஆர் கிழமை கேட்டது?”

பாரை மீனோடு வந்து திரும்பிய அதே வாசலில் நின்றுகொண்டு, சட்டியைத் தம்பியாரிடம் நீட்டினார்.

“மீன்சட்டிதான். அண்ணி புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவினவள். அவளுக்கும் போட்டுத் தா. உன்ரை கடையிலை ஷொப்பிங் பாக் இல்லையாமே.”

வெள்ளிக்கிழமையார் சட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். எத்தனை புளி போட்டாலும் மீன்சட்டி மீன்சட்டிதான், எனக்கே மணத்தது. மனுசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உள்ளை வா அண்ணை” என்று தமையனின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்த மேசையில் இருத்தினார். பிறகு சட்டியைத் தன் அடுப்படிக்குள் கொண்டுபோய், பச்சைக் கறியைக் கழுத்து முட்ட நிரப்பினார்.

எனக்கு இப்போது வவுனியாவில் வேலை. எங்கள் வீட்டில் புதன்கிழமையும் மச்சம் இல்லை. மனிசி காரணம் கேட்டால் டொக்டர் சொன்னவர் என்கிறேன். டொக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.