வராத நீலக் கோலி

“டீச்சர், இன்னிக்கும் செவப்பு!”

பன்னிரண்டாவது பிள்ளையும் கோலியைத் தூக்கிக் காட்டிவிட்டுத் துணிப்பைக்குள் போட்டான். கரும்பலகையில் சிவப்புக்கு நேரே பன்னிரண்டு கோடுகள். நீலத்துக்கு நேரே ஒன்றுமில்லை. நேற்றும் இதே கதைதான்.

மூன்றாம் வகுப்புக்கு ‘வாய்ப்பு’ பாடம். பையில் ஒன்பது சிவப்பு, ஒரே ஒரு நீலம். பார்க்காமல் எடுக்க வேண்டும், எடுத்ததைத் திரும்பப் போட வேண்டும். நீலம் எடுப்பவருக்கு மதியம் டீச்சரோடு உட்கார்ந்து சாப்பாடு. வராந்தா பெருக்கும் ஆயாம்மாவுக்குக்கூட இந்த விதி மனப்பாடமாகிவிட்டது.

பரிசில் டீச்சரின் சுயநலமும் கொஞ்சம் இருந்தது. மற்ற ஆசிரியர்கள் மதியம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கணவர் இறந்து இரண்டு வருடமாகியும் டீச்சரின் கை இருவருக்குத்தான் அரிசி அளக்கிறது. டிபன் பாக்ஸின் மேலடுக்கு தினமும் திறக்காமலே வீடு திரும்பும்.

“ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு, அதான் வரலை” என்று சமாளித்தார். மாலையில் இன்னும் இரண்டு நீலம் போட்டார்.

மறுநாளும் பன்னிரண்டு சிவப்பு.

“பையில நீலமே இல்லை. சும்மா கதை விடுறீங்க” என்றான் முன்வரிசை வாயாடி.

“இருக்குடா, இதோ பாரு…”

“ஐயையோ, பாக்கக் கூடாது! பாத்தா கள்ளாட்டம்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்ன வாய் டீச்சருடையதுதான்.

மதியம் ஆயாம்மா அவர் மேசையைச் சுற்றிப் பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கும் தனியாத்தானா டீச்சர்?”

“என்ன பண்றது ஆயாம்மா? வாய்ப்பு அப்படி.”

அன்று மாலை, பைக்குள் பார்க்காமலே மேலும் மூன்று நீலம் போட்டார்.

அடுத்த நாள் தலைமையாசிரியர் வந்து நோட்டுகளைப் புரட்டினார். ‘நீலம் வருமா?’ என்ற கேள்விக்குப் பன்னிரண்டு நோட்டிலும் ஒரே பதில்: ‘நடக்கவே நடக்காது.’

“என்ன டீச்சர், இது வாய்ப்புப் பாடமா, வைராக்கியப் பாடமா?” என்று பையை வாங்கி மேசைமேல் கவிழ்த்தார்.

ஒன்பது சிவப்பு உருண்டது. நீலம் ஒன்றுகூட இல்லை.

டீச்சர் காலிப் பையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். நீலம் வந்தவர்களெல்லாம் ஒளித்துவிட்டார்களா? தன்னோடு உட்கார அவ்வளவு பயமா?

“யாரையும் திட்ட மாட்டேன். என்கூடச் சாப்பிடப் பிடிக்கலைன்னா நேராவே சொல்லிடுங்க, கண்ணுங்களா.”

பிள்ளைகள் முழித்தார்கள். பைகளை உதறினார்கள். பென்சில் துண்டும் பொத்தானும் விழுந்தன. நீலம் விழவில்லை. கடைசி பெஞ்சுச் சுட்டிப்பெண் அழத் தொடங்கினாள்.

“பிள்ளைங்களை ஒண்ணும் கேக்காதீங்க டீச்சர்.”

வாசலில் ஆயாம்மா. விளக்குமாற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளங்கையை விரித்தார். ஆறு நீலக் கோலிகள்.

“கள்ளாட்டம்தான், பாத்துத்தான் எடுத்தேன். முதல்ல ஒண்ணு எடுத்தேன், நீங்க கூப்பிடலை. பத்தலை போலன்னு போட்டதையெல்லாம் எடுத்தேன். இன்னும் எத்தனை நீலம் எடுத்தா டீச்சர், என்னைச் சாப்பிடக் கூப்பிடுவீங்க?”