தராசு பிடித்த பி.ஏ.

இலங்கையில், ஊவா மாகாணத்திலேயே அதிகம் படித்த மனிதர் எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரத் துரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம். 'பி.ஏ. தராசு' என்றால்தான் அவரை யாருக்கும் தெரியும். தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் வேலை காலி என்று கேள்விப்பட்டுத் திருச்சியிலிருந்து வந்தார். ஆறாம் வகுப்பு மட்டும் படித்த நான் முந்தின நாள்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"பரவாயில்ல தம்பி, ஒரு மாசம் கொழுந்து நிறுக்கிறேன். அதுக்குள்ள எங்கயாவது பெரிய கிளாக்கர் ஆயிருவேன்" என்றார். ஆகியே தீர வேண்டும். அதுவரை மகளை அனுப்ப மாட்டேன் என்று ஊரில் மாமனார் ஒற்றைக்காலில் நின்றார்.

மாசம் வருஷமாயிற்று. மனிதர் ஆங்கிலத்தில்தான் எடை சொல்வார்.

"இங்கிலீசுல சொன்னா கொழுந்து கூடுங்களா ஐயா?" என்பாள் கொழுந்து பறிக்கும் மாரியாயி.

"கூடாது. எனக்கு மறந்துரக் கூடாது பாரு!"

கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கர் வேலை காலியானது. பட்டம் வாங்கியபோது போட்ட கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்! துணைக்கு நான். அந்தத் துரை பதறி எழுந்து, "வாங்க பாதிரியார்!" என்று நாற்காலி போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, தம் நாய்க்குச் சுகமில்லை, ஜெபம் பண்ணணும் என்றார். இவர் நாயைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்த காரியத்தைச் சொன்னார்.

"இப்ப என்ன வேலை?"

"கொழுந்து நிறுக்கிறேங்க." பொய்யே வராது அவருக்கு!

"ஓ, தராசு ஆளா! இங்கயும் தராசு இருக்கு. ரெண்டு ரூபா கூடத் தரேன்."

"நான் பி.ஏ.ங்க."

"அது முந்தி. இப்ப தராசு."

போன இடமெல்லாம் இதே கதை. படிப்பை எவரும் கேட்கவில்லை, கடைசியாகப் பார்த்த வேலையைத்தான் கேட்டார்கள். என் சம்பளம் ஏறிக்கொண்டே போனது. அவருடையது தராசு முள் மாதிரி அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

கடைசியில், இனிமேல் பெரிய கிளாக்கர் ஆக மாட்டேன் என்று மனைவிக்கு எழுதிப் போட்டுவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்தார். பதிலுக்குத் தந்தி வந்தது: அப்புத்தளை ஸ்டேஷனுக்கு வரவும்.

அங்கியோடுதான் வந்தார். "இதைப் பார்த்தாவது மன்னிப்பா, தம்பி."

அந்த அம்மாள் பெட்டியோடு இறங்கினார். "அப்பாகிட்ட சண்டை போட்டுட்டு வந்துட்டேன். தராசு பிடிச்சா வீட்டுல உலை கொதிக்காதா?" என்றார். பனியில் அந்த அம்மாளின் பல் தந்தியடித்தது.

இவர் சட்டென்று அங்கியைக் கழற்றி மனைவிக்குப் போர்த்திவிட்டார்.

"படிச்சது வீண்போகல தம்பி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.